அப்பாவுக்கு எப்போது போட்டோம் டி.டி. ஊசி?

2015 டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்தது 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரையை மீறியதில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மாடியில் ஏறி நின்றவர்களைப் படகு விட்டு மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பக்கம் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவ யார் முதலில் இறங்குகிறார்கள்? பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் இறங்குவது அந்த வீட்டு அப்பாவும் தாத்தாவும்தான். சேற்றுக்கு அடியில் உடைந்த கண்ணாடியும், தகரமும், மரச்சட்டத்து ஆணியும் கிடக்கும்.

கூடவே கிளாஸ்ட்ரிடியம் டெட்டனியும் கிடக்கும். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் வளர முடியாத பாக்டீரியா இது. அதனால் கெட்டியான உறைக்குள் சுருண்டு, ஸ்போராக மாறி, மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருக்கும். கொதிக்கும் நீர் அதைக் கொல்லும் என்று நம்ப முடியாது. மருத்துவமனைகளில் ஆட்டோகிளேவில் 121 டிகிரி வரை சூடேற்றுவது இப்படிப்பட்ட ஸ்போர்களை அழிக்கத்தான். ஆணி குத்திய காயம் மேலே மூடிக்கொள்ள, உள்ளே காற்றுப் புகாத இடம் கிடைத்தால் அது விழித்து நஞ்சைச் சுரக்கிறது. தசையைத் தளர்த்தச் சொல்லும் நரம்புச் செய்தியை அந்த நஞ்சு தடுத்துவிடும். முதலில் தாடை இறுகும், வாய் திறக்க வராது. பிறகு கழுத்து, முதுகு என்று உடம்பே வில்லாக வளையும். இதைத்தான் ரணஜன்னி என்கிறோம். காயம் பட்ட 3 நாளிலிருந்து 21 நாளுக்குள் பெரும்பாலும் தலைகாட்டும் நோய் என்பதால், அதற்குள் புண் ஆறி, குத்தியதே மறந்துபோயிருக்கலாம். நரம்பில் ஒட்டிக்கொண்ட நஞ்சைப் பிரித்தெடுக்க மருந்து கிடையாது. வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருக்க வேண்டிவரும்.

   

‘துருப்பிடித்த ஆணி குத்தினால் ஊசி போடு’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். துருவுக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. கருவேல முள் போதும், விறகுச் சிராய் போதும், சர்க்கரை நோயாளியின் காலில் வலி தெரியாமல் கிடக்கும் புண் போதும். அந்தப் புண்ணில் காப்பித்தூளையும் சாணச் சாம்பலையும் அப்புவது ஸ்போருக்கு நாமே வழி திறந்துவிடுவதாகும்.

என் கவலை அப்பாக்களைப் பற்றியது. பிறந்த குழந்தைகளைத் தாக்கும் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது அதே 2015-ல்தான். கர்ப்பிணிகளுக்கு ஊசியும் மருத்துவமனைப் பிரசவமும் தந்த பெரிய வெற்றி அது. குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களில் தடுப்பூசி, பிறகு பூஸ்டர்கள், 10 வயதிலும் 16 வயதிலும் மறுபடி ஊசி என்று அட்டவணை இருக்கிறது. ஆனால் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் விரிவாக்கப்பட்டதே 1985-ல். அதற்கு முன் பிறந்த பெண்களில் பலருக்குக் கர்ப்ப காலத்திலாவது ஊசி கிடைத்தது. ஆண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

காயம் பட்டால் போட்டுக்கொள்கிறோமே என்பார்கள். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். ஏற்கெனவே முழுத் தவணையும் போட்டவருக்குத்தான் அந்த ஒற்றை ஊசி பழைய எதிர்ப்புச் சக்தியைச் சட்டென்று தட்டியெழுப்பும். ஒருமுறையும் போடாதவர் உடம்பில் அது வேலை செய்யத் தொடங்க வாரங்கள் ஆகும். நஞ்சு அதற்குள் முந்திக்கொள்ளலாம். அழுக்குக் காயத்தோடு வரும் அவருக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு ரணஜன்னி வந்தது, 20 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். வெள்ளக் காலத்தில் எலிக்காய்ச்சலும் டெங்குவும்தான் அதிகம் தாக்குகின்றன என்று சொல்லும் மருத்துவர்கள் உண்டு. எண்ணிக்கையில் அது சரிதான். ஆனால் மற்ற தொற்றுநோய்களில் பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொண்ட தடுப்பூசி நம்மையும் ஓரளவு காக்கும். ரணஜன்னி ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை, மண்ணிலிருந்து நேராக வருகிறது. முடிச்சூர் முழுக்க ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருவருக்கு அதனால் துளியும் காப்பு இல்லை. ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் மறுபடி வரலாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே முதல் தவணை போட்டு, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறு மாதம் கழித்து மூன்றாவது, பிறகு பத்து ஆண்டுக்கு ஒன்று. இவ்வளவுதான் கணக்கு. இப்போது போடுவது டிப்தீரியாவுக்கும் சேர்த்துக் காப்பளிக்கும் டி.டி. ஊசி. இன்றைக்கே உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். நினைவில்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போட்ட தேதியை எழுதி ரேஷன் கார்டோடு சேர்த்து, தண்ணீர் எட்டாத உயரத்தில் வையுங்கள்.