உஷார்! வால் சக்கரம் நடுங்கினால் விமானத்தை எடுக்காதீர்கள்

பழைய பைப்பர் ஜே-3 கப் தரையிறங்கி ஓடும்போது வாலிலிருந்து தடதடவென்று ஒரு நடுக்கம் கிளம்பி, கால் மிதி வரை அதிர்கிறதா? ‘பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடாதீர்கள். அதற்குப் பெயர் ஷிம்மி. வால் சக்கரம் இடமும் வலமுமாகப் படுவேகத்தில் அடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு தரையிறக்கத்திலும் போல்ட்டையும் புஷ்ஷையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது.

அமெரிக்காவின் லாக் ஹேவனில் சுமார் 20,000 ஜே-3 கப்கள் தயாராகின. 1947-ல் உற்பத்தி நின்றது. ஆக, இன்று பறக்கும் ஜே-3-களில் மிக இளையதற்கும் வயது 75-ஐத் தாண்டிவிட்டது. இந்த வகை விமானத்தில் எடையின் மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. வால் சற்றே விலகினாலும், விட்டால் மூக்கை முந்தப் பார்க்கும். வேகம் குறையக் குறையச் சுக்கானில் காற்றின் பிடி தளரும். அப்போது விமானத்தை நேராக வைத்திருப்பது பெரும்பாலும் அந்தச் சின்ன வால் சக்கரம்தான். அது கைவிட்டால் விமானம் தட்டாமாலை சுற்றும். கிரௌண்ட் லூப் என்பது அதுதான். இறக்கை நுனி தரையில் உரசும், சக்கரக் கால் மடங்கும்.

பலர் செய்யும் தவறு இதுதான்: சக்கரம் ஆடுகிறது என்று சக்கரத்தை மட்டும் மாற்றுகிறார்கள். நாலு தரையிறக்கம் நன்றாக இருக்கும். ஐந்தாவதில் பழைய ஆட்டம் திரும்பி வரும். ஏனென்றால் கோளாறு பல நேரம் சக்கரத்தில் இல்லை, அதைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையில் இருக்கிறது. லாரிப் பட்டை போலவே இதுவும் வருடக்கணக்கில் சுமை தாங்கி வளைவை இழந்துவிடும். பட்டை தட்டையானால் சக்கரம் திரும்பும் அச்சின் தலை முன்பக்கம் சாயும். அந்த நிலையில் சக்கரம் திரும்பும்போதெல்லாம் வால் சற்று மேலே எழும். வாலின் எடை சக்கரத்தை மறுபடி நடுவுக்குத் தள்ளும். சக்கரம் நடுவைத் தாண்டி மறுபக்கம் ஓடும். ஷிம்மி இப்படித்தான் பிறக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். சமதரையில், வழக்கமான சுமையோடு விமானத்தை நிறுத்துங்கள். பக்கவாட்டில் நின்று அச்சுக்கு நேராக நூலைத் தொங்கவிடுங்கள். அச்சு நூலோடு ஒத்து நிற்கலாம். தலை சற்றுப் பின்னால் சாய்ந்தும் இருக்கலாம். முன்னால் சாய்ந்திருந்தால் முதலில் பார்க்கவேண்டியது பட்டையை.

பட்டையைக் கழற்றினால் போல்ட் துளையைச் சுற்றி நன்றாகத் துடைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் அங்கேதான் தொடங்கும். போல்ட்டை வெளியே எடுத்து நகத்தால் தடவுங்கள். நடுவில் நகம் தட்டுகிறதா? பட்டை உரசி உரசிப் பள்ளம் விழுந்துவிட்டது. அதைத் திரும்பப் போடாதீர்கள். சுக்கானையும் சக்கரத்தையும் இணைக்கும் சங்கிலியின் கொக்கியையும் பாருங்கள். சங்கிலிக் கண்ணி தொடும் இடத்தில் கம்பி பாதியாகத் தேய்ந்திருக்கலாம். ஓட்டத்தின் நடுவே அது அறுந்தால் ஒரு பக்கம் திருப்பும் பிடியே போய்விடும்.

உஷார்! தெருமுனை ஹார்டுவேர் கடை போல்ட் வேண்டவே வேண்டாம். அளவு பொருந்தும், பலம் பொருந்தாது. விமானத்துக்கான ஏஎன் வகை எஃகு போல்ட்டின் தலையில் பெருக்கல் குறி போல ஓர் அடையாளம் இருக்கும். விரலாலேயே சுழலும் பழைய லாக் நட்டைத் தூக்கிப் போடுங்கள். காட்டர் பின்னை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். ஸ்காட் நிறுவனத்தின் வால் சக்கரத்துக்கு மௌல் நிறுவனத்தின் உதிரிபாகம் ‘கிட்டத்தட்ட சரியாக இருக்கும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்கள் விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட பாகம்தானா என்று காகிதத்தைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவில் சக்கர பேரிங்குக்கு கிரீஸ் வைப்பது, காட்டர் பின் மாற்றுவது போன்றவற்றைப் பைலட் உரிமம் உள்ள உரிமையாளரே செய்யலாம். பட்டை மாற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குச் சான்று பெற்ற மெக்கானிக் வேண்டும். வேலை முடிந்ததும் பதிவேட்டில் அவர் கையெழுத்தும் வேண்டும்.

வாலைத் தூக்கும் முன் மேக்னெட்டோ இரண்டும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். வாலை உறுதியான தாங்கியில் நிறுத்தி, நழுவாமல் கட்டுங்கள். தோளில் தாங்கிக்கொண்டு ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

வேலை முடிந்த கையோடு பறக்காதீர்கள். மெதுவாகத் தரையில் ஓட்டி இருபுறமும் திருப்பிப் பாருங்கள். இறங்கி, ஒவ்வொரு நட்டையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். நடுக்கம் துளி மிச்சம் இருந்தாலும் விமானம் ஹேங்கரிலேயே நிற்கட்டும்.