சிற்றீ கற்பிக்கும் அளவு

கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் சிற்றீயை நாம் கையால் விரட்டிவிடுகிறோம். ‘டிரோசோபிலா’ எனப்படும் அப்பழ ஈயோ, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மரபியலாரின் பாடநூலாக விளங்குகிறது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்ற பேராசிரியர் ஒபைத் சித்திகி, 1962-இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தோற்றுவித்தார். பின்னாளில் இவ்வீ மணத்தையும் சுவையையும் உணரும் திறத்தை மரபணுக்களின் வழி ஆராய்ந்து புகழ் எய்தினார்.

அவ்வீயின் மரபணுக்களுள் ஒன்று ‘காடல்’. வாலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்த பெயர் இது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1985-இல் இதனை வெளிப்படுத்தினர். தாய் ஈ முட்டைக்குள் வைக்கும் காடல் செய்தி, முன்பகுதியில் ‘பைகாய்டு’ என்னும் புரதத்தால் தடுக்கப்படுகிறது. ஆதலின் காடல் புரதம் பின்பகுதியிலேயே மிகுகிறது. உடலின் பின்புறம் அங்கே உருவாகிறது. பனியன் துணியின்மீது அளவு அட்டையை வைத்துக் கழுத்து எது, கை எது எனக் குறிக்கும் கட்டிங் மாஸ்டரின் பணியை ஒத்தது இது.

உருவம் அமைந்தபின் காடல் ஓய்ந்துவிடுகிறதா? இல்லை. வளர்ந்த ஈயின் குடலில் அது வேறொரு கடமை ஆற்றுகிறது. நுண்ணுயிர்க் கொல்லிப் புரதங்கள் வரம்பின்றிச் சுரவாதவாறு காக்கிறது. கொரிய ஆய்வாளர்கள் 2008-இல் குடலில் காடலை ஒடுக்கிப் பார்த்தனர். கொல்லிப் புரதங்கள் பெருகின. இயல்பாக வாழ்ந்த நுண்ணுயிர்கள் குறைந்தன. அவற்றால் அடங்கியிருந்த தீய இனமொன்று தலைதூக்கியது. குடல் உயிரணுக்கள் மடிந்தன, ஈக்களும் மாண்டன. காக்கப் பிறந்த படைக்கலமே, கட்டுப்பாடு இழந்தபோது, உடையவனை அழித்தது!

மனிதனிடமும் காடலின் உறவு மரபணுக்கள் உண்டு. அவற்றுள் ‘சி.டி.எக்ஸ்.2’ குடலின் இயல்பைப் பேணுகிறது. பரவிய புற்றுநோய் குடலில் தோன்றியதா என ஆராயும் மருத்துவர்க்கு அதன் புரதம் ஒரு சான்றாகிறது.

சாயத்தொட்டியில் காரம் கூடினாலும் குறைந்தாலும் துணி கெடும் என்பதைத் திருப்பூர் நன்கறியும். படைத்தவன் சிற்றீயின் குடலிலும் அவ்வளவை வைத்துள்ளான். வலிமையைப் போன்றே அடக்கமும் உயிர் காக்கும் என்பதே அது நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.