ஃபோல்டர் இருந்தது, படங்கள் இல்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூர்ப் பக்கம் உள்ள ஒரு சின்னக் கோயிலின் தெற்குச் சுவர்க் கல்வெட்டைப் படிக்கலாம்னு உட்கார்ந்தேன். மூன்று தடவை போய் எடுத்த படங்கள், மொத்தம் 1,140. ஃபோல்டரைத் திறந்தால் முதல் தடவை எடுத்தவை மட்டும்தான் இருந்தன. மற்ற இரண்டு பயணமும் காணோம். கேமரா கார்டை அப்போதே ஃபார்மட் பண்ணியாச்சு. அந்தச் சுவருக்குத் திருப்பணியில் வெள்ளையும் அடிச்சாச்சு. மறுபடி போய் எடுக்க வழியே இல்லை.

வீட்டு ஏற்பாட்டை முதலில் சொல்லிடறேன். ஹாலில் ரவுட்டர் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர், யுபிஎஸ்ஸோடு. அதில் 4 டிபி டிஸ்க். அதைச் சம்பா வழியாகப் பகிர்ந்திருக்கிறேன். (சம்பான்னதும் நெல் ஞாபகம் வரும். அதை எழுதிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல், எஸ்எம்பி என்ற மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதிக் கோப்பில் தேடிப் பிடித்த பெயர் அது.) மாடி அறையில் என் லினக்ஸ் டெஸ்க்டாப், வைஃபையில். யுபிஎஸ் கிடையாது. கார்டைச் செருகினால் நான் எழுதிய ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் படங்களைத் தேதிவாரியாகப் பெயர் மாற்றி, கீழே உள்ள டிஸ்க்கில் போட்டு, ஒவ்வொன்றும் சரியாகக் காப்பி ஆச்சான்னு சரிபார்க்கும்.

இந்தப் பகிர்வு பல மாதமாகவே மக்கர். ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. எல்லாரும் சந்தேகப்படுவதை நானும் சந்தேகப்பட்டேன். ஐபி முகவரி மாறுதோ என்று ரவுட்டரில் அதை நிரந்தரமாக்கினேன். எஸ்எம்பி பதிப்பைப் பார்த்தேன். 2017-ல் வான்னாக்ரை எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டையில் புகுந்து உலகத்தையே ஆட்டிவைத்தது. அதே வருஷம் வந்த லினக்ஸ் 4.13 கெர்னல் பழைய பதிப்பை இயல்பிருப்பிலிருந்து எடுத்துவிட்டது. 2019-ல் சம்பா 4.11-உம் அப்படியே செய்தது. பழைய நாஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்கணும். ஆனால் அது 'எப்பவுமே வராது' ரகக் கோளாறு. என்னுடையது 'சில நாள் வராது' ரகம். இரண்டையும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு தேடியதில்தான் என் நேரம் போனது.

இன்னொரு விஷயமும் என்னை ஏமாற்றியது. வராத நாட்களில் ஃபைல் மேனேஜரில் 'நெட்வொர்க்'கைக் கிளிக் பண்ணுவேன், படங்கள் வந்துவிடும். சரி, பகிர்வு நல்லாத்தான் இருக்குன்னு விட்டுடுவேன். ஆனால் அது வேறு வழி. ஃபைல் மேனேஜர் என் லாகினுக்குள் தனியாக இணைத்துக்கொள்கிறது. என் ஸ்கிரிப்ட் எழுதுவதோ, எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி போட்டு நான் மவுண்ட் செய்துவைத்த ஃபோல்டருக்கு.

துப்பு கிடைத்தது டிஸ்க் அளவில். டெஸ்க்டாப்பின் சொந்த டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று 'டிஎஃப்' சொன்ன கணக்குக்கும், கோப்புகளை எண்ணி 'டியு' சொன்ன கணக்குக்கும் 19 ஜிபி உதைத்தது. அழிக்கப்பட்டும் ஏதோ புரோகிராம் விடாமல் பிடித்திருக்கும் கோப்பாக இருக்குமோன்னு பார்த்தேன். இல்லை. அப்போதான் உறைத்தது.

மவுண்ட் என்பது வீட்டுச் சுவரில் அதே ஆணியில் பழைய காலண்டர் மேல் புதுசை மாட்டுவது மாதிரி. பழையது எங்கேயும் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மவுண்ட் ஆகாத நாளிலும் அந்த ஃபோல்டர் இருக்கும். என் சொந்த டிஸ்க்கில் இருக்கும் சாதாரணக் காலி ஃபோல்டராக. ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் அதில் எழுதிவிட்டது. காப்பி சரியா என்று பார்த்தது. எங்கே போட்டோம் என்று பார்க்கவில்லை. சில நாள் கழித்து நான் கையால் மவுண்ட் செய்தபோது, பகிர்வு வந்து அதன் மேல் மூடிக்கொண்டது.

'யுமவுண்ட்' கொடுத்துவிட்டு ஃபோல்டரைத் திறந்தேன். இரண்டு பயணத்துப் படங்களும் அப்படியே இருந்தன. கொஞ்ச நேரம் கையே ஓடவில்லை.

சரி, சில நாள் மட்டும் ஏன்? லாகைப் புரட்டினால், மவுண்ட் தோற்ற நாளெல்லாம் கரண்ட் போன நாள். மற்ற நாட்களில் டெஸ்க்டாப்பை அணைக்காமல் தூங்கத்தான் வைப்பேன், அதனால் இணைப்பு கூடவே இருந்தது. கரண்ட் போய் வந்தால் முதலிலிருந்து பூட் ஆகும். வைஃபை பாஸ்வேர்டோ என் லாகினின் சாவிக்கொத்துக்குள் இருக்கிறது; நான் லாகின் ஆகும்வரை நெட்வொர்க்கே கிடையாது. மவுண்ட் அதற்கு முன்னாடியே முயற்சி செய்து தோற்றுப்போகும். பூட் ஆகும்போது காத்திருக்க வேண்டாம்னு 'நோஃபெயில்' வேறு போட்டிருந்தேன். அதனால் எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வேலை நடந்தது.

நெட்வொர்க் அமைப்பில் அந்த வைஃபையை 'எல்லாப் பயனர்களுக்கும்' என்று மாற்றினேன். எஃப்எஸ்டேப் வரியில் சிஸ்டம்டி-யின் ஆட்டோமவுண்டைச் சேர்த்தேன். இனி ஃபோல்டரைத் தொடும்போதுதான் இணைக்கும், முடியாவிட்டால் பிழை காட்டும். எனக்கு இதைவிடப் பிடித்தது மூன்றாவது: மவுண்ட் இல்லாத நேரத்தில் அந்தக் காலி ஃபோல்டருக்கு 'சாட்டர்' கட்டளையால் 'மாற்ற முடியாதது' என்று முத்திரை குத்திவிட்டேன். ரூட்டே வந்தாலும் அதற்குள் ஒரு கோப்பு போட முடியாது. மேலே மவுண்ட் செய்ய மட்டும் தடையில்லை.

அன்று ராத்திரி இன்னொன்று தோன்றி வயிற்றைக் கலக்கியது. அதே ஃபோல்டரிலிருந்து யுஎஸ்பி டிஸ்க்குக்கு ஆர்சிங்கில் பேக்கப் எடுக்கிறேன், மூலத்தில் இல்லாததை அழித்துவிடு என்ற விருப்பத்தோடு. மவுண்ட் தோற்ற ஒரு நாளில் அது ஓடியிருந்தால், 'மூலம் காலி' என்று நினைத்துப் பேக்கப்பையும் துடைத்திருக்கும். அந்த நாட்களில் யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகச் சோம்பேறித்தனம் பட்டதால் தப்பித்தேன். இப்போது இரண்டு ஸ்கிரிப்டிலும் முதல் வரி 'மவுண்ட்பாயின்ட்' கட்டளைதான். அது ஆமாம் என்று சொன்னால்தான் அடுத்த வரி.

போன வியாழக்கிழமை ஹால் கம்ப்யூட்டரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மாடியில் ரீபூட் செய்து கார்டைச் செருகிப் பார்த்தேன். சிவப்பு எழுத்தில் ஒரு பிழை. ஒரு படம்கூட நகரவில்லை.