ஜார்ஜ் டவுன்: மக்கள் வாழும் பாரம்பரிய நகரம்

பினாங்குத் தீவின் வடகிழக்கு முனையில் அமைந்துள்ளது ஜார்ஜ் டவுன். கெடா சுல்தானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த இத்தீவில், 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் ஆங்கிலேயக் கொடியை ஏற்றினார். நகருக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயர் சூட்டப்பட்டது. கடற்கரையில் இன்றும் காணப்படும் கார்ன்வாலிஸ் கோட்டை, முதலில் நீபோங் மரங்களால் அமைக்கப்பட்டது. பின்னரே செங்கற்கோட்டையாக மாறியது.

இத்துறைமுகத்தில் சுங்கவரி விதிக்கப்படவில்லை. ஆகவே, பல நாட்டு வணிகர்கள் இங்கு வந்து குடியேறினர். சூலியா தெரு, ஆர்மேனியன் தெரு, அச்சே தெரு ஆகிய பெயர்கள் அவ்வரலாற்றை இன்றும் சொல்கின்றன. தமிழ் முஸ்லிம் வணிகர்களே அக்காலத்தில் ‘சூலியா’ என அழைக்கப்பட்டனர்.

இந்நகரின் சிறப்பை ‘நல்லிணக்கத் தெரு’வில் நடந்து பார்த்தால் உணரலாம். முதலில் 1818இல் எழுப்பப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் காணலாம். சற்றுத் தொலைவில் ஊதுபத்திப் புகை சூழ்ந்த குவான் யின் கோயில் உள்ளது. அதனை அடுத்து, குவீன் தெருவில் 1833இல் கட்டப்பட்ட ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம் நிற்கிறது. இன்னும் சிறிது தூரம் சென்றால், 1801இல் தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவர் காதர் மைதீன் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை அடையலாம். நான்கு வழிபாட்டுத் தலங்களும் பதினைந்து நிமிட நடைத் தொலைவிற்குள் உள்ளன.

கூ கொங்சி மண்டபமும் கடல்மீது மரக்கால்களில் நிற்கும் குலப் படகுத்துறை வீடுகளும் சுற்றுப்பயணிகளை ஈர்க்கின்றன. 2012இல் வரையப்பட்ட சுவரோவியங்கள் முன் பலரும் நின்று படமெடுத்துக் கொள்கின்றனர்.

2008 ஜூலை 7ஆம் நாள், மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தது. பழைய கட்டடங்கள் மட்டும் இதற்குக் காரணமல்ல. பல இன மக்கள் இங்குத் தொடர்ந்து பேணிவரும் வாழ்க்கைமுறையும் முக்கியக் காரணமாகும்.

ஆனால், அவ்வாழ்க்கைமுறை இன்று சவாலை எதிர்நோக்குகிறது. பழைய கடைவீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம், 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. வாடகை உயர்ந்ததால், தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. பின்னர், கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. சுற்றுலா வருமானம் தருவது உண்மையே. பாழடைந்த கட்டடங்கள் பல அதனால் புத்துயிர் பெற்றன. எனினும், பூ கட்டுவோரும் ஊதுபத்தி செய்வோரும் பிரம்பு பின்னுவோரும் இல்லாத தெருவில் எஞ்சுவது வெறும் சுவர்களே.

எனவே, ஜார்ஜ் டவுனுக்குச் செல்லும்போது கட்டடங்களைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அங்கு வாழ்வோரிடமும் பேசிப் பாருங்கள். நகரின் வரலாறு அவர்களிடமும் இருக்கிறது.