20 கிராமில் ஒரு பொங்கல் வாழ்த்து

(நமது பகுதிநேர நிருபர்)

புது டில்லி: மார்கழிக் குளிரில் தலைநகரம் நடுங்கும்போதும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் நம் ஊர் வாசனை அடிக்கும். வாழையிலைக் கட்டு, முருங்கைக்காய், கறிவேப்பிலை, உரித்த தேங்காய், கொஞ்சம் தள்ளிப் போனால் மீன். பொங்கல் நெருங்கினால் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்து சேரும். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கிய வட்டாரம் இது. அந்தப் படையில் மலேயாத் தமிழர்களும் பர்மாத் தமிழர்களும் திரளாகச் சேர்ந்தார்கள் என்பதை நினைத்தால், இங்கே நாம் பையோடு நடமாடுவதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

எல்லாம் கிடைக்கும் இந்த மார்க்கெட்டில் ஒன்றைத் தேடி நான் வெறுங்கையோடு திரும்பினேன். அது, தமிழில் அச்சிட்ட பொங்கல் வாழ்த்து அட்டை. அன்றுதான் நானே செய்வது என்று உட்கார்ந்தேன். செய்து, கெடுத்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டதை வாசகர்களுக்குச் சொல்லுகிறேன். லீவு கிடைக்காமல் பொங்கலுக்கு இங்கேயே தங்கிவிடும் என் போன்றவர்களுக்கு இது உதவும்.

அம்மா கட்டிய அபராதம்

முதலில் நான் செய்த தவறு. டில்லிக்கு மாற்றலாகி வந்த முதல் பொங்கலுக்கு அம்மாவுக்கு ஓர் அட்டை செய்தேன். தடித்த அட்டையின் மேல் இன்னோர் அட்டை, அதன் மேல் நெற்கதிர், ஓரத்தில் வரிசையாகக் குன்றிமணி. பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் மெச்சினார்கள். உறையில் போட்டு, சாதாரணக் கடிதத்துக்கு ஒட்டும் தபால்தலையை ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

மானாமதுரைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தபால்காரர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, குறைந்த தொகைக்கு இரண்டு மடங்கு கொடுத்தால்தான் தர முடியும் என்றிருக்கிறார். அதுதான் சட்டம், அவர் மேல் குற்றமில்லை. அம்மா அஞ்சறைப் பெட்டியில் தேடிச் சில்லறை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"நல்லா இருந்துச்சுப்பா. ஆனா தபால்காரர் காசு கேட்டதும், டில்லியிலே உனக்கு என்னவோ ஏதோன்னு வயிறு கலங்கிப் போச்சு" என்று போனில் சொன்னார். குன்றிமணி பாதி உதிர்ந்து உறைக்குள் கிடந்ததாம். முத்திரை குத்திய இடத்தில் நெற்கதிர் நொறுங்கியிருந்ததாம்.

வாழ்த்து அனுப்பியவன் நான். பணம் கட்டியவரும் பயந்தவரும் அம்மா. அன்று முதல் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் எடையைப் பார்க்கிறேன்.

வாங்குபவர் காசு கொடுத்த காலம்

இதை யோசிக்கும்போது ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் 1840-க்கு முன் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் கட்டணம் கொடுத்தார். தூரம் கூடினால் கட்டணமும் கூடும். ஏழை வீட்டுக்குக் கடிதம் வருவதே ஒரு செலவு. 1840-ல் ஒரு பென்னித் தபால் வந்தது. அனுப்புகிறவரே தலை ஒட்டினார். நம் நாட்டிலும் 1854-ல், தூரத்தைப் பாராமல் எடையை மட்டும் பார்த்து ஒரே கட்டணம் என்று ஆயிற்று. கால் தோலா எடைக்கு அரையணா.

தபால் மலிவானதும் கடிதங்கள் குவிந்தன. ஹென்றி கோல் என்ற ஆங்கிலேய அதிகாரி, வந்த கிறிஸ்துமஸ் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத முடியாமல் 1843-ல் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொன்னார். அதை அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி, ஒன்று ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள். அச்சிட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் பிறப்பு அதுதான். எழுத நேரமில்லாதவர் கண்டுபிடித்த வழி என்று சொன்னால் தவறில்லை.

நம் ஊரில் இதற்குப் பொங்கல் என்று பெயர் மாறியது. மார்கழி பிறந்தால் பெட்டிக்கடை வாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். பானையும் கரும்பும் ஒரு வரிசை, சாமி படம் ஒரு வரிசை, எம்.ஜி.ஆர்., சிவாஜி, பின்னாளில் ரஜினி, கமல் ஒரு வரிசை. உறையை ஒட்டாமல் செருகி, மேலே 'புக் போஸ்ட்' என்று எழுதிக் குறைந்த தலை ஒட்டி அனுப்பிய தலைமுறை நாம். டில்லியிலேயே 1979-ல் ஆர்ச்சீஸ் கம்பெனி பிறந்து ஆங்கில வாழ்த்துகளை நாடெங்கும் பரப்பியது. எண்ணைச் சொன்னால் வாழ்த்து வாசகம் போகும் தந்தியும் இருந்தது. 2013 ஜூலையில் தந்தி நின்றது. இப்போது செல்போனில் ஒரே படம் ஐம்பது பேரிடமிருந்து வருகிறது. யார் அனுப்பியது என்று பார்ப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

காகிதம் எங்கே வாங்குவது?

ஐ.என்.ஏ. நிலையத்தில் மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் ஏறினால், வண்டி மாறாமல் சாவ்ரி பஜாரில் இறங்கலாம். கல்யாணப் பத்திரிகைக்கும் மொத்தக் காகித வியாபாரத்துக்கும் பேர்போன தெரு அது. பக்கத்திலேயே நை சடக்; எழுதுபொருள், புத்தகக் கடைகள். அட்டை கேட்கும்போது 'ஜி.எஸ்.எம்.' என்று ஓர் எண் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்பதே அந்த எண். 250 போதும், 300-க்கு மேல் வேண்டாம்.

கையால் செய்த காகிதம் வேண்டுமென்றால் மார்க்கெட்டுக்கு எதிரே, 1994-ல் திறந்த தில்லி ஹாட்டில் பார்க்கலாம். அங்கே கைவினைஞர் கடைகள் 15 நாளுக்கொரு முறை மாறும்; ஆகவே இன்று இல்லாதது அடுத்த முறை இருக்கலாம். ஜெய்ப்பூரை அடுத்த சங்கானேரில் காக்ஸி சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகக் காகிதம் செய்து வருகிறார்கள். மரம் வெட்டுவதில்லை, பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் பருத்தி வெட்டுத்துணிதான் மூலப்பொருள். துணியைத் துண்டாக்கி, நீரில் அடித்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, துணியில் கவிழ்த்து, அழுத்திப் பிழிந்து காயவைக்கிறார்கள்.

சங்கானேரில் கைக்காகிதத்துக்கென உள்ள தேசிய நிறுவனத்துக்கு வைத்திருக்கும் பெயர் குமரப்பா. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே.சி. குமரப்பாதான் அவர். காந்தியடிகள் 1934-ல் வார்தாவில் அமைத்த அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். கைக்காகிதம் அச்சங்கம் வளர்த்த தொழில்களில் ஒன்று. ராஜஸ்தானத்துக் காகிதத்தில் நாம் தமிழில் வாழ்த்து எழுதும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

செய்முறை

சாதாரணக் கடிதத்தின் முதல் படி 20 கிராம். அதைத் தாண்டினால் கூடுதல் தலை. இனிக் கணக்குப் போடுவோம். ஏ-4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. 300 ஜி.எஸ்.எம். அட்டையில் முழுத் தாளை மடித்தால் அதுவே கிட்டத்தட்ட 19 கிராம். உறையோடு 20-ஐத் தாண்டிவிடும். என் அம்மா அபராதம் கட்டியது இப்படித்தான். தாளைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியை மடித்தால் ஒன்பதரை கிராம் கூட இல்லை. உறை நாலைந்து கிராம். அலங்காரத்துக்கு இன்னும் ஐந்து கிராம் மிச்சம்.

மடிப்பதற்கு முன் அட்டையை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இணங்கி வளைகிறதோ அந்தத் திசையில் மடித்தால் வெடிக்காது. மடிக்கும் கோட்டை ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள். மடிப்பு கத்திபோல் விழும்.

படம் வரையத் தெரியாது என்று கவலை வேண்டாம். காவி நிறத் தாளில் வெள்ளை போஸ்டர் கலரால் ஒரு புள்ளிக் கோலம் போதும். தீக்குச்சியின் பின்முனையைத் தோய்த்து வைத்தால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் விழும். கைக்காகிதத்தில் சில சமயம் மை ஊறிப் பரவும். மூலையில் ஒரு புள்ளி வைத்துச் சோதித்த பிறகே எழுதுங்கள். தண்ணீர் தொட்ட தூரிகையால் கோடு இழுத்து அந்த ஈரத்தில் மெதுவாகக் கிழித்தால், கத்தரி படாத பஞ்சு ஓரம் கிடைக்கும்.

பசைக்கு இரண்டு ஸ்பூன் மைதாவை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். அது விஷம்; குழந்தைகள் செய்வதானால் சேர்க்கவே கூடாது. பசையை மெல்லப் பூசி, தடித்த புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வையுங்கள். இல்லாவிட்டால் அட்டை அப்பளமாக வளையும். மணி, சோழி, கதிர் எதுவும் ஒட்டாதீர்கள். அவை தபால் முத்திரைக்குத் தாங்காது.

மூட்டையில் தொங்கும் சீட்டு

பரிசுப் பையில் கட்டும் பெயர்ச்சீட்டையும் இதே அட்டையில் செய்யலாம். நவராத்திரித் தாம்பூலப் பை, கல்யாணத் தேங்காய்ப் பை, ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பும் பொட்டலம் எல்லாவற்றுக்கும் ஆகும். பழைய கல்யாணப் பத்திரிகைகளே இதற்குச் சரியான அட்டை.

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பார்சல் மூட்டையில் கட்டும் சீட்டைக் கவனித்திருப்பீர்கள். கயிறு போகும் பக்கம் இரண்டு மூலையும் வெட்டியிருக்கும். மூலை எதிலும் மாட்டி மடங்காமலிருக்க அந்த வெட்டு. சீட்டு கிழிவது எப்போதும் ஓட்டையில்தான். ஓட்டையின் இரு பக்கமும் சிறு வட்ட அட்டை ஒட்டிய பிறகு துளையிடுங்கள். கட்டுவதற்குச் சணலோ வாழைநாரோ போதும். பெயர் போன மூட்டைக்கு வீடு கிடையாது. ஆகவே பெயரோடு ஊரும் பின்கோடும் எழுதுங்கள்.

உள்ளே என்ன எழுதுவது?

மார்க்கெட்டில் தேங்காய்க் கடையில் வேலை செய்யும் தென்காசிப் பக்கத்து நண்பர் ஒருவர், நான் செய்த அட்டைகளைப் பார்த்து, "எம் பொண்ணுக்கு ஒண்ணு குடுங்க சார்" என்றார். மகள் எட்டாவது படிக்கிறாள். அவர் ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது.

"அட்டை தருகிறேன் அண்ணாச்சி. எழுதுவது நீங்கள்தான்" என்றேன்.

"நான் என்னத்த எழுத? தினமும் போன்ல பேசத்தானே செய்யுதேன்" என்று சொல்லிவிட்டு, கடை சாத்தும்வரை அதைத் தொடவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, நின்றபடியே இரண்டு வரி எழுதினார். 'நல்லா படி. மாசி மாசம் அப்பா வாரேன்.' எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன்ல நாலு தடவ வாரேன்னு சொல்லியாச்சு சார். அதெல்லாம் காத்தோட போச்சு. இத அவ எடுத்து வச்சிருப்பா. இனி போகாம இருக்க முடியாது. மாசிக்கு டிக்கெட் இருக்கான்னு பாருங்க" என்றார்.

2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. நாளைக் கணக்குப் பார்த்து, திறந்த அன்று காலையிலேயே பதிவு செய்தோம். பக்கவாட்டு மேல் படுக்கை கிடைத்தது. முதலாளியிடம் அவரே லீவு சொல்லிவிட்டார்.

அட்டையை எடை போடப் பக்கத்து மசாலாக் கடைக்குப் போனோம். ஏலக்காய் நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசில் உறையோடு வைத்தோம். 14 கிராம். ஒரு தலை போதும்.

வாசகர்கள் ஜனவரி முதல் வாரத்துக்குள் தபாலில் சேர்த்துவிடுவது நல்லது. பொங்கலுக்கு முன் ஊர் போய்ச் சேர வேண்டுமல்லவா?