தக்கையின் தாகம்

இயந்திரங்களைப் பற்றிப் பேசுவோர் எஞ்சினின் வலிமையைப் புகழ்வர். அதன் வேகத்தைப் புகழ்வர். அந்த எஞ்சினுக்கு உணவு செல்லும் வழியிலே காவல் நிற்கும் சிறியதொரு வால்வினைப் புகழ்வார் இலர். அது தன் கடமையைச் செய்யும் வரையும், அப்படியொன்று உண்டென்பதே நம் நினைவுக்கு வாராது. அது இறுகிக்கொண்ட அன்றோ, வண்டி வெறும் இரும்பாகி நிற்கும். பழைய மோட்டார்ச் சைக்கிளின் பெற்றோல் வால்வு இத்தகையது. வயலுக்கு நீர் விடும் குளத்து மதகு எத்தொழிலைச் செய்கின்றதோ அத்தொழிலையே இதுவும் செய்கின்றது. வேண்டும்போது விடுதல், வேண்டாதபோது அடைத்தல், கடைசி வேளைக்கென்று சிறிது மிச்சம் வைத்தல் என்னும் மூன்றுமே இதன் கடமைகள்.

இதனை ஆராயும்படி என்னைத் தூண்டியது பி. எஸ். ஏ. பான்ரம் வண்டி ஒன்று. காலஞ்சென்ற தமிழாசிரியர் ஒருவர் நெடுங்காலம் பாடசாலைக்கு ஏறிச் சென்ற வண்டி அது. அவருடைய பேரன் என் மாணவன். 2022 ஆம் ஆண்டிலே பெற்றோலுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, அவ்வண்டியின் தாங்கியும் வறண்டது. அன்று கொட்டிலில் விட்ட வண்டியை ஒருவரும் பின்னர் வெளியே எடுத்திலர். பெற்றோல் மீண்டும் தாராளமாகக் கிடைத்த பின்பு வால்வைத் திறக்க முயன்றார்கள், அஃது அசையவில்லை. ஓடாத வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவதென மாணவனின் தந்தையார் முடிவு செய்துவிட்டார். ஒரு மாதத் தவணை கேட்டு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தான் பையன். பாட்டனாரின் வண்டியை நன்கறிந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் இருவருமாகச் சென்றோம்.

பான்ரம் வண்டியின் வரலாறு சுவையானது. ஜேர்மனியின் டி. கே. டபிள்யூ. நிறுவனம் வகுத்த ஆர். ரி. 125 என்னும் வண்டியே இதற்கு மூலம். இரண்டாம் உலகப் போரின் பின் அவ்வமைப்பு வென்றவர் கைக்கு வந்தது. இங்கிலாந்திலே பி. எஸ். ஏ. நிறுவனம் அதனைத் தழுவி 1948 இல் பான்ரத்தை வெளியிட்டது. 1971 வரையும் அவ்வினம் தொடர்ந்தது. யப்பானில் 1955 இல் வெளிவந்த யமஹாவின் முதல் மோட்டார்ச் சைக்கிளும் அதே மூலத்தைத் தழுவியதே. பான்ரம் இரண்டடிப்பு எஞ்சினை உடையது. ஆதலின் பெற்றோலுடன் எண்ணெயையும் கலந்தே தாங்கியில் விடுதல் வேண்டும். வால்வு இறுகியதன் இரகசியம் இங்கேதான் இருக்கின்றது. வண்டி ஓடாது நிற்கையிற் பெற்றோல் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய் போகாது. அது தடித்துப் பிசினாகி, அடைத்த இடத்திலேயே வால்வினை ஒட்டிவைக்கும்.

அக்காலப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் வால்வின் உடல் பித்தளை. உள்ளே அசையும் தண்டின் நுனியில் இருப்பது தக்கை. போர்த்துக்கல், ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டையே தக்கையாகும். மரம் ஏறக்குறைய 25 வயதை அடைந்த பின்பே முதன்முறை பட்டை உரிப்பர். பின்னர் 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிப்பர். மரம் சாவதில்லை, பட்டை மறுபடியும் வளரும். 1665 இல் றொபேட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் தக்கைச் சீவலை நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கி, அடுக்கடுக்காய்ச் சிற்றறைகளைக் கண்டார். அவர் அவற்றுக்கு இட்ட பெயரையே இன்று நம் பாடநூல்கள் 'கலம்' என வழங்குகின்றன. அச்சிற்றறைகளில் நிறைந்திருப்பது காற்று. ஆகவேதான் தக்கை அமுக்கினால் ஒடுங்கும், விட்டால் விரியும், பித்தளைத் துவாரத்தை இடைவெளியின்றி நிரப்பும். ஆனால் அஃது ஈரத்தோடிருக்கும் வரையுமே இக்குணம் நிலைக்கும். வறண்ட தக்கை சுருங்கும், பொருக்காகும்.

எனவே, இறுகிய வால்வினைக் குறடு கொண்டு இழுப்பவன் இரண்டு தீங்குகளை ஒருங்கே விளைவிக்கின்றான். ஒன்று, பிசினிற் பற்றிய தக்கை பிய்ந்துபோகும். பிறகு வால்வு அசையும், ஆயினும் அடைக்காது. அடைக்காத வால்வு இறுகிய வால்விலும் கொடியது. இரவு முழுவதும் கசியும் பெற்றோலுக்கு ஒரு தீப்பொறி போதும். மற்றொன்று, வால்வு பொருந்தியுள்ள மரை மெல்லிய தாங்கித் தகட்டோடு சேர்ந்தது. அது முறுகினால் தாங்கியே பழுதாகும். பையன் குறட்டை எடுத்தபோதே மெக்கானிக், "தம்பி, இழுக்காதையும். அது கோவத்திலை இல்லை, தாகத்திலை இருக்குது" என்றார். 1990களில் வடக்கிலே பெற்றோல் அருகிய காலத்தில், துளிப் பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் வண்டி ஓடச் செய்த கைகள் அவருடையவை.

அவர் செய்த முறை வருமாறு. வண்டியை அடுப்பும் விளக்கும் இல்லாத வெளியிடத்துக்குக் கொண்டுவந்தார். தாங்கியில் எஞ்சியதை வடித்தெடுத்தார். ஒரு ஸ்பனரால் மரையைத் தாங்கிப் பிடித்து, மற்றொன்றால் வால்வைக் கழற்றினார். அதனை மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் ஓரிரவு ஊறவைத்தார். மறுநாள் துடைத்துவிட்டு, வேறிடத்திற் காய்ச்சிய வெந்நீரில் இட்டார். சூட்டினாற் பித்தளை சிறிது விரியும், பிசின் இளகும். தண்டினைத் தடுத்து நிற்கும் சிறு திருகாணியை அகற்றிய பின், இழுக்காமல், இப்புறமும் அப்புறமும் மயிரிழையளவு திருப்பினார். ஐந்தாறு முறை ஒன்றும் நிகழவில்லை. பின் மெல்லிய ஓசை ஒன்று கேட்டது, தண்டு சுழன்றது. சுழன்ற பின்பே இழுத்தார்.

தக்கை கறுத்துச் சுருங்கியிருந்தது, உடையவில்லை. பித்தளைத் துவாரத்தை அரத்தாள் தொடாமல் துணியினாலேயே துடைத்தார். அங்கே விழும் கீறல் ஒவ்வொன்றும் கசிவுக்கு வழியாகும். சல்லடையைக் கழுவினார். பிறகு தக்கையைக் கொதிநீரிற் சில நிமிடம் இட, அது கண்முன்னே பருத்தது. பருத்ததனை ஈரத்தோடே உட்செலுத்தினார். அவ்வாறு பருக்காவிடின், துளைகள் இல்லாத நல்ல போத்தல் தக்கையிலிருந்து புதியதொன்று செதுக்கலாம் என்றார். இந்நாளில் தக்கைக்கு மாற்றாகச் செயற்கை இறப்பர் வளையமிட்ட வால்வுகளும் உண்டு. நம் தோட்டத்து இயற்கை இறப்பர் இதற்கு ஆகாது. பெற்றோலில் ஊறி உப்பிவிடும். பெற்றோலைத் தாங்கும் நைத்திரைல் இறப்பரே வேண்டும்.

வால்வைப் பொருத்திச் சிறிது பெற்றோல் விட்டுக் கீழே பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்துவைத்தோம். மறுநாட் காலையில் அத்தாளிற் கறை ஒன்றும் இல்லை. வால்வைத் திறந்ததும் பெற்றோல் நூலிழைபோல் இறங்கியது. அந்த வாரத்திலேயே வண்டி தெருவுக்கு வந்தது. மாணவனின் தந்தையார் விற்பதைப் பற்றிப் பின்னர் பேசவில்லை.

மெக்கானிக் கூறிய முடிவுரை சுருக்கமானது: தாங்கி ஒருபோதும் முற்றாக வறளக் கூடாது, வண்டி ஓடாத நாளிலும் வாரம் ஒருமுறை வால்வைத் திறந்து மூடுதல் வேண்டும். தமிழ் படிப்பிப்பவனாகிய எனக்கு அது புதிய செய்தியன்று. மனனஞ் செய்த பாடலும் ஆண்டுக்கணக்கில் ஓதாதிருந்தால் நாவிலே இறுகும். அப்போது மாணவனை அதட்டி இழுத்தாற் சொற்கள் பிய்ந்து வரும். ஒரு சீரை எடுத்துக் கொடுத்துச் சற்றே பொறுத்திருந்தால், மிகுதி தானே வரும்.