உங்களுக்குத் தெரியுமா? விஷ்ராந்த்வாடி வழியே ஒரு புத்தக ஆண்டு!

ஆனி, ஆடி வாக்கில் ஒரு நாள் புனேயின் விஷ்ராந்த்வாடியில் வண்டிகள் நகராது. ஏன் தெரியுமா? ஒரு நூலாசிரியர் பல்லக்கில் வருகிறார்!

ஆமாம், நூலாசிரியர்தான்! ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் போகும் ஞானேஸ்வரர் பல்லக்கு, திகி தாண்டி, விஷ்ராந்த்வாடி வழியாகத்தான் புனேவுக்குள் நுழைகிறது. பல்லக்கில் அவருடைய பாதுகைகள். முன்னும் பின்னும் லட்சக்கணக்கான வாரகரிப் பக்தர்கள்!

அவர் செய்த 'ஞானேஸ்வரி', கீதைக்கு மராத்தியில் எழுந்த உரை. சுமார் 9,000 ஓவிப் பாடல்கள். நூல் முடிந்த ஆண்டு 1290. ஆசிரியர் பிறந்தது 1275 என்கிறது மரபு. கணக்குப் போடுங்கள். வயது 15!

சாய்ந்து உட்கார்ந்து அவர் நூலைச் சொன்ன தூண் நெவாசாவில் இன்னும் இருக்கிறது. அதற்கு ஒரு கோயிலே கட்டிவிட்டார்கள்!

விஷ்ராந்த்வாடிக்குப் பக்கத்துப் பேட்டை ஏரவாடா. அங்கே இருப்பது சிறை. ஆனால் அது புத்தகம் பிறந்த இடமும்கூட! 'தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகம்' நூலைக் காந்தி அங்கேதான் எழுதத் தொடங்கினார். நாள்: 1923 நவம்பர் 26!

அந்தப் புத்தகத்தில் நம்ம தில்லையாடி வள்ளியம்மை இருக்கிறார்! சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு வயது 16தான். மழைக்கால வாசிப்புப் பட்டியலில் முதல் புத்தகமாக இதை எழுதிக்கொள்ளுங்கள். தமிழிலும் வந்திருக்கிறது. வாங்கிவிடுங்கள்!

1933 பிப்ரவரி 11. 'ஹரிஜன்' இதழின் முதல் பிரதி புனேயிலிருந்து வெளியாகிறது. காந்தி எங்கே இருந்தார்? ஏரவாடா சிறைக்குள்ளே!

1932 செப்டம்பர் 24. அதே சிறையில் பூனா ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட கையோடு ராஜாஜியும் அம்பேத்கரும் பேனாக்களை மாற்றிக்கொண்டார்கள்!

அந்த அம்பேத்கர் மும்பை தாதரில் கட்டிய வீடு ராஜகிருஹம். எதற்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டினார் என்று நினைக்கிறீர்கள்? தன் புத்தகங்களை வைக்க!

சிறையில் பிறந்த புத்தகங்கள் இன்னும் உண்டு. திலகரின் 'கீதா ரகசியம்' எழுதப்பட்டது பர்மாவில், மாண்டலே சிறையில். எழுதியது பேனாவால் அல்ல, பென்சிலால்! அச்சாகிக் கைக்கு வந்தது 1915-இல்.

நேருவின் 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'? அகமதுநகர் கோட்டைச் சிறை, 1944. ஐந்தே மாதம்!

ஒரு கடைக்காரர் நினைத்தால் சிறையில் பிறந்த புத்தகங்களுக்கு என்றே ஒரு தட்டு ஒதுக்கலாம். மகாராஷ்டிராவில் அந்தத் தட்டு நிரம்பி வழியும்! அதில் நடுநாயகமாக வைக்க வேண்டிய புத்தகம் எது என்று எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. மராத்தி எழுத்தாளர் சானே குருஜியின் 'ஷ்யாம்ச்சி ஆயி'!

ஒரு மகன் தன் அம்மாவைப் பற்றி இரவிரவாகச் சொல்லும் கதை. அத்தியாயங்களுக்குப் பெயரே 'இரவு'தான். மொத்தம் 42 இரவுகள். எழுதிய இடம் நாசிக் சிறை, 1933 பிப்ரவரி. எத்தனை நாளில் எழுதினார் என்கிறீர்கள்? ஐந்தே நாள்!

ஆச்சார்ய அத்ரே அதைப் படமாக எடுத்தார். நம் நாட்டின் தேசியத் திரைப்பட விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோது குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் எந்தப் படத்துக்கு? அதே 'ஷ்யாம்ச்சி ஆயி'க்கு!

இனிமேல்தான் நமக்கான செய்தி! சானே குருஜி அடைபட்டிருந்த சிறைகளில் ஏரவாடா உண்டு, துலே உண்டு, நாசிக் உண்டு. நம் திருச்சிராப்பள்ளியும் உண்டு! வெள்ளைக்காரன் ஊர்விட்டு ஊர் கொண்டுவந்து பூட்டினான். இவர் சும்மா இருந்தாரா? அங்கேயே உட்கார்ந்து தமிழ் படித்தார்!

படித்ததோடு நிற்கவில்லை. திருக்குறளை மராத்தியில் மொழிபெயர்த்துவிட்டார்! புனேயில் இருக்கும் தமிழ் வீடுகளுக்கு இது தெரிய வேண்டும். பக்கத்து வீட்டு மராத்திக் குடும்பத்துக்குக் குறளை அறிமுகம் செய்ய வேண்டுமா? முதலில் சானே குருஜி பெயரைச் சொல்லுங்கள். அவர்கள் முகம் மலர்வதைப் பாருங்கள்!

1932-இல் துலே சிறையில் வினோபா ஞாயிறுதோறும் கீதை பற்றிப் பேசினார். அதைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டவர் யார்? இதே சானே குருஜி! அந்தக் குறிப்புகள்தான் 'கீதைப் பேருரைகள்' என்று நம் கைக்கு வந்திருக்கின்றன.

மராத்தியிலிருந்து தமிழுக்கு வந்த கணக்கைச் சொல்லட்டுமா? வி.ஸ. காண்டேகர்! ஒரு காலத்தில் அவரை மராத்திக்காரர் என்றே நினைக்காமல் தமிழ் வீடுகளில் படித்தார்கள். அந்த மாயத்தைச் செய்தவர் மொழிபெயர்ப்பாளர் கா.ஸ்ரீ.ஸ்ரீ. 'யயாதி', 'கருகிய மொட்டு', 'எரிநட்சத்திரம்'... அடுக்கிக்கொண்டே போகலாம்!

மராத்திக்கு முதல் ஞானபீட விருதை வாங்கித் தந்த நாவலும் 'யயாதி'தான். ஆண்டு 1974. பழைய புத்தகக் கடையில் தமிழ்ப் பிரதி கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்!

இனி ஆண்டை மாதவாரியாகப் புரட்டுவோம். ஜூன் என்றால் புனேயில் அப்பா பல்வந்த் சௌக். ஊர்க்காரர்கள் 'ஏ.பி.சி.' என்பார்கள். பள்ளிப் புத்தகம், கல்லூரிப் புத்தகம், போட்டித் தேர்வுப் புத்தகம் எல்லாம் வரிசையாகக் கடைகளில்!

ஆகஸ்ட் 12? தேசிய நூலகர் தினம். யாருடைய பிறந்தநாள்? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தநாள்!

அக்டோபர் 15 வந்தால் மகாராஷ்டிரா முழுக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் புத்தகம் எடுத்து வாசிப்பார்கள். 'வாசிப்பு ஊக்க நாள்'. 2015 முதல் மாநில அரசே நடத்துகிறது. யார் பிறந்தநாள் தெரியுமா? நம் ராமேஸ்வரம் அப்துல் கலாம்!

கலாம் மாணவராக இருந்தபோது ஊருக்குப் போகக் கையில் காசில்லை. பரிசாகக் கிடைத்த 'தியரி ஆஃப் எலாஸ்டிசிட்டி' புத்தகத்தை விற்க மூர் மார்க்கெட் போனார். கடைக்காரர் வாங்கவில்லை! கேட்ட 60 ரூபாயைக் கையில் கொடுத்தார். புத்தகத்தை யாருக்கும் விற்காமல் பத்திரமாக வைத்திருப்பதாகவும், பணம் வந்ததும் மீட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பினார். பிற்காலத்தில் கலாமே சொன்ன சம்பவம் இது. பழைய புத்தகக் கடைக்காரர்களே, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளுங்கள்!

சரி, தீபாவளிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது! நமக்குத் தீபாவளி மலர். மராத்தியர்களுக்கு 'திவாளி அங்க்'. நம் மலர்களை விரல் விட்டு எண்ணலாம். அங்கே? ஒவ்வொரு ஆண்டும் நூற்றுக்கணக்கில்!

முதல் மராத்தித் தீபாவளி மலர் வந்தது 1909-இல். வெளியிட்டது 'மனோரஞ்சன்' மாத இதழ். நூறாண்டு தாண்டியும் வழக்கம் நிற்கவில்லை!

அதன் ஆசிரியர் காசிநாத் ரகுநாத் மித்ரா. பெயரைப் பார்த்தால் வங்காளி. ஆள் அசல் மராத்தி! குடும்பப் பெயர் ஆஜ்காவ்கர். 'மித்ரா' என்பது அவராக வைத்துக்கொண்டது!

கதைக்கு ஒரு மலர், சமையலுக்கு ஒரு மலர், ஜோதிடத்துக்கு ஒரு மலர், குழந்தைகளுக்கு ஒரு மலர். சிரிப்புக்கு என்றே ஒன்று, 'ஆவாஸ்'. 1951-இல் தொடங்கியது. அதில் ஜன்னல் வெட்டிய கேலிப்படங்கள் பிரசித்தம். ஜன்னல் வழியே தெரிவது ஒன்று. பக்கத்தைத் திருப்பினால் வேறொன்று!

இத்தனையையும் ஒருவர் எப்படி வாங்குவார்? வாங்கவே வேண்டாம்! பேட்டைக்குப் பேட்டை வாடகை நூலகங்கள் தீபாவளி மலர்த் திட்டம் போடும். ஒரு தொகை கட்டினால் போதும். மாதக்கணக்கில் மாற்றி மாற்றி எடுத்துப் படிக்கலாம். லட்டும் சக்லியும் தீர்ந்த பிறகும் தீபாவளி தீராது!

மராத்தி கற்கும் பிள்ளை வீட்டில் இருக்கிறதா? 'கிஷோர்' வாங்கிக் கொடுங்கள். பாடநூல் தயாரிக்கும் பாலபாரதி 1971 முதல் நடத்தும் சிறுவர் இதழ். அதற்கும் தீபாவளி மலர் உண்டு!

புனேயின் இன்னொரு மலைப்பு. பண்டார்கர் கீழை ஆய்வு நிறுவனம் மகாபாரதத்துக்குச் செம்பதிப்பு கொண்டுவர முடிவெடுத்தது. 1919-இல் வேலை தொடங்கியது. முடிந்தது 1966-இல். 47 ஆண்டுகள்!

ஒப்பிட்டுப் பார்த்த கைப்பிரதிகள் 1,259. தேறிய சுலோகங்கள் 89,000-க்கும் மேல்! பிரதிகளை ஒப்புநோக்கும் வேலை புனேயில் மட்டுமா நடந்தது? நம் தஞ்சாவூர் சரஸ்வதி மகாலிலும் நடந்தது! பணி நிறைவை 1966 செப்டம்பரில் அறிவித்தவர் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்தது திருத்தணியில்!

அதே நிறுவனத்தில் உள்ள 30 ரிக்வேதக் கைப்பிரதிகள் 2007-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின!

டிசம்பரில் குளிருக்கு ஒரு ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு ஃபெர்குசன் கல்லூரி மைதானத்துக்குப் போங்கள். 2023-இல் தொடங்கிய புனே புத்தகத் திருவிழா. நடத்துவது நேஷனல் புக் டிரஸ்ட்!

ஜனவரியில் ஊருக்குப் போகிறீர்களா? பொங்கலோடு சென்னைப் புத்தகக் காட்சி. இன்று நூற்றுக்கணக்கான அரங்குகள், கால் வலிக்கும். 1977-இல் அண்ணா சாலை மதரஸா-இ-ஆஜம் பள்ளியில் முதல் காட்சி நடந்தபோது எத்தனை அரங்குகள்? வெறும் 22!

பிப்ரவரி 27, மராத்தி மொழி நாள். கவிஞர் குசுமாக்ரஜ் பிறந்தநாள். தன் கவிஞனின் பிறந்தநாளையே மொழிக்கு நாளாக வைத்திருக்கிறது ஒரு மாநிலம்!

கோடை விடுமுறைக்கு மகாபலேஷ்வர் போகிறவர்களே, பாஞ்ச்கனி பக்கத்தில் பிலார் கிராமத்தில் இறங்கிவிடுங்கள். ஸ்ட்ராபெரி விளையும் ஊர். 2017 மே 4 முதல் இந்தியாவின் முதல் புத்தகக் கிராமம்! தொடங்கியபோது 25 இடங்களில் சுமார் 15,000 புத்தகங்கள். வீட்டுத் திண்ணை, கோயில், பள்ளி, விடுதி எல்லாம் வாசகசாலை. இவற்றில் எதற்குள்ளும் போய் உட்கார்ந்து படிக்கலாம். கட்டணம்? பூஜ்யம்!

அந்த யோசனைக்கு முன்னோடி வேல்ஸ் நாட்டின் ஹே-ஆன்-வை. அங்கே ரிச்சர்ட் பூத் என்ற பழைய புத்தகக் கடைக்காரர் 1977 ஏப்ரல் 1 அன்று தன் ஊரைத் தனி நாடாக அறிவித்தார். மன்னர்? அவரேதான்!

சின்னக் கடை என்று எதையும் லேசாக நினைக்காதீர்கள். சென்னை கன்னிமரா ஓட்டலில் 1974-இல் நளினி செட்டூர் தொடங்கிய கடை 'கிகிள்ஸ்'. நாலு பேர் சேர்ந்து நின்றால் நெரிசல். தரையிலிருந்து தலைக்கு மேல் வரை புத்தகம். எது எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது!

பாரிஸில் சில்வியா பீச் நடத்திய சின்னக் கடை 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி'. ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவலை 1922-இல் வெளியிட்டது அந்தக் கடைதான். அச்சிட்டது 1,000 பிரதி!

டோக்கியோவின் கின்சாவில் 2015-இல் ஒரு கடை திறந்தது. பெயர் மோரியோகா ஷோட்டன். வாரத்துக்கு எத்தனை தலைப்புகள் விற்பார்கள்? ஒன்றே ஒன்று!

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. எவ்வளவு? பூஜ்யம் சதவீதம்! பிஸ்கட்டுக்குக்கூட வரி உண்டு. புத்தகத்துக்கு இல்லை!

கையில் இருக்கும் புத்தகத்தின் பின்அட்டையைத் திருப்புங்கள். 978-க்கு அடுத்து 81 அல்லது 93 இருக்கிறதா? இந்தியாவில் வெளியானது!

தமிழில் ஒரு புத்தகம் போட்டால் ஒரு பிரதி மும்பைக்குப் போயாக வேண்டும்! 1954-ஆம் ஆண்டுச் சட்டம். கொல்கத்தா, சென்னை, மும்பை, டெல்லி நூலகங்களுக்குப் பதிப்பாளர் தன் செலவில் அனுப்ப வேண்டும். கெடு 30 நாள்!

மராத்தி நமக்குத் தூரத்து மொழியா? தஞ்சாவூர் பெரிய கோயில் மதிலைப் போய்ப் பாருங்கள். போன்ஸ்லே வம்ச வரலாறு முழுவதும் மராத்தியில் கல்லில் வெட்டியிருக்கிறது. ஆண்டு 1803. சரஸ்வதி மகாலில் உள்ள மராத்திச் சுவடிகள் மட்டும் 3,000-க்கும் மேல்!

சரஸ்வதி மகால் இருக்கும் அரண்மனையில் சரபோஜி மன்னர் தேவநாகரி எழுத்துகளோடு அச்சகமே வைத்திருந்தார். ஈசாப் கதைகளை மராத்தியாக்கி, 'பாலபோத முக்தாவளி' என்று பெயரிட்டு, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அச்சடித்துவிட்டார். மராத்தியில் மிகப் பழைய அச்சுப் புத்தகங்களில் அது ஒன்று. புனேயில் அல்ல, மும்பையில் அல்ல, அச்சான ஊர் தஞ்சாவூர்!